அந்தோனியோ லோபெஸ் கார்சியா: ஒரு படத்துக்கு ஏழு கோடை எதற்கு?

#1 கரித்துண்டு

ஸ்பெயின் ஓவியர் அந்தோனியோ லோபெஸ் கார்சியாவுக்கு இங்கே தனி இழை இல்லை. அங்கங்கே பேச்சு வரும், "மாட்ரிட்டின் கிரான் வியா தெருவை வரைய 1974-இல் தொடங்கி 1981-இல்தான் முடித்தாராம்" என்று வாயைப் பிளப்போம், அதோடு சரி. அரச குடும்பப் படத்துக்கு இருபது வருஷம் என்றால் இன்னும் கொஞ்சம் பிளப்போம்.

எனக்கு வேண்டியது வேலை விவரம். அந்த ஏழு வருஷத்தில் நிஜமாக என்ன நடந்தது? எதன் மேல் வரைகிறார், அளவு எப்படி எடுக்கிறார், போட்டோ வைத்துக்கொள்கிறாரா? தெரிந்தவர்கள் எழுதுங்கள். "தவம்", "பொறுமையின் சிகரம்" வகையறா வேண்டாம் சாமி.

#2 ஆளிவிதை

ஆள் யார் என்பதை முதலில் முடித்துவிடுவோம்.

பிறந்தது 1936 ஜனவரி 6, லா மாஞ்சா சமவெளியில் தோமெய்யோசோ என்ற ஊர். விவசாயக் குடும்பம். பிறந்த ஆறே மாதத்தில் உள்நாட்டுப் போர். தந்தையின் உடன்பிறந்தவர் அந்தோனியோ லோபெஸ் தோர்ரெஸ், அதே ஊரில் இருந்து நிலக்காட்சி வரைந்தவர். அச்சுப் படங்களை நகலெடுத்துக்கொண்டிருந்த பையனைப் பொருளை எதிரே வைத்துப் பார்த்து வரையச் சொன்னது அவர்தான். பின்னால் வந்த எல்லாவற்றுக்கும் விதை அது.

1949-இல், 13 வயதில், மாட்ரிட். சிற்பங்களின் பிளாஸ்டர் வார்ப்புகள் வைத்திருந்த அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து கரிக்கோட்டில் பயிற்சி. 1950 முதல் 1955 வரை சான் ஃபெர்னாந்தோ நுண்கலைப் பள்ளி. அந்த வருஷங்களில் சேர்ந்த கூட்டம்தான் பிற்பாடு 'மாட்ரிட் யதார்த்தவாதிகள்' ஆனது: மரியா மொரேனோ, இசபெல் கின்தானியா, அமாலியா ஆவியா, சிற்பிகளான ஹூலியோ, ஃபிரான்சிஸ்கோ லோபெஸ் எர்னாந்தெஸ் சகோதரர்கள். மரியா மொரேனோவை 1961-இல் மணந்தார். அவரும் நல்ல ஓவியர், கணவர் நிழலில் பெயர் அமுங்கியது வேறு விஷயம். 2020-இல் காலமானார்.

1964 முதல் 1969 வரை அதே பள்ளியில் வண்ணப் பாடம் நடத்தினார். 1965, 1968 நியூயார்க் கண்காட்சிகளோடு வெளிநாட்டில் பெயர் பரவியது. 1985-இல் ஆஸ்தூரியாஸ் இளவரசர் விருது, 2006-இல் வெலாஸ்கெஸ் விருது.

ஆரம்ப காலப் படங்களைத் தேடிப் பாருங்கள். அறைக்குள் மனிதர்கள் அந்தரத்தில் மிதப்பார்கள். அறுபதுகள் போகப்போக மிதப்பவர்கள் காணாமல் போய் வாஷ்பேசின், ஐஸ்பெட்டி, தோலுரித்த முயல், காலித் தெரு என்று வந்து நிற்கிறார்.

#3 தூக்குக்குண்டு

கிரான் வியாவுக்கு வருகிறேன். ஏறக்குறைய 90 செ.மீ. சதுரம், பலகை மேல் எண்ணெய் வண்ணம். தெரு தொடங்கும் இடத்தில் சாலை நடுத்திட்டில் நின்று வரைந்தது. படத்துக்குள்ளேயே ஒரு டிஜிட்டல் கடிகாரம் 6.30 காட்டும். அதுதான் மொத்த விஷயத்துக்கும் சாவி.

மாட்ரிட்டில் ஜூன் கடைசியில் சூரியன் எழுவது 6.45 சுமாருக்கு. ஆக 6.30 என்பது சூரியன் தலைகாட்டுவதற்கு முந்தைய வெளிச்சம். அந்த வெளிச்சம் மாறாமல் நிற்பது இருபது, மிஞ்சினால் முப்பது நிமிஷம். அப்புறம் மேல்மாடிகளில் மஞ்சள் ஏறும், எதிர்ச்சுவர் நீலத்துக்குப் போகும், படம் வேறு படம் ஆகிவிடும்.

இப்போது கணக்குப் போடுங்கள். ஒரு நாளைக்கு 25 நிமிஷம். மேகம், காற்று, வேறு வேலை எல்லாம் போக ஒரு கோடைக்கு 30 காலை கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம். 750 நிமிஷம், அதாவது பன்னிரண்டரை மணி நேரம். ஏழு கோடைக்குப் பெருக்கினால் 87 மணி சொச்சம். ஸ்டூடியோவில் தினம் எட்டு மணி உட்காருகிறவருக்கு அது 11 நாள் வேலை!

30 என்பது என் அனுமானம்தான். அதை 45 ஆக்கினாலும் 131 மணி சொச்சம்தான். அவர் மெதுவாக வரைகிறவர் இல்லை. அவருக்குக் கிடைத்த நேரம் அவ்வளவுதான்.

#4 நீலச்சாயம்

தூக்குக்குண்டு சார், கணக்கு சரி. ஆனால் இரண்டு இடறல். ஒன்று, ஜூனிலிருந்து ஆகஸ்டுக்குள் சூரிய உதயமே அரை மணி தள்ளிப் போகுமே, 6.30 வெளிச்சம் ஒரே மாதிரி எப்படி இருக்கும்? இரண்டு, ஏழு வருஷத்தில் கடைப் பலகை மாறும், தெருவிளக்கு மாறும். எதைப் போடுவது?

#5 தூக்குக்குண்டு

முதல் கேள்வி நல்ல கேள்வி. ஜூன் 21-ஐ ஒட்டி முன்னும் பின்னும் இரண்டிரண்டு வாரத்துக்கு மாட்ரிட்டில் உதய நேரம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் நகராது. சூரியன் எழும் திசையும் கிட்டத்தட்ட அதே இடம். அதனால்தான் கோடை. ஆகஸ்ட் பிறந்தால் உதயம் 7.10 பக்கம் போய்விடும், அப்போது கடிகாரத்தைப் பார்த்து வரைந்தால் மோசம் போவீர்கள். வெளிச்சத்தைப் பார்த்து வரையலாம், அல்லது அடுத்த ஜூனுக்குக் காத்திருக்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு: கார், ஆள் எதுவும் அந்தப் படத்தில் இல்லை. அந்நேரத்துக்கும் அங்கே வண்டி ஓடும். ஆனால் நகர்கிற எதையும் பார்த்து அளக்க முடியாது. அளக்க முடியாததை அவர் போடுவதில்லை. முன்புறம் முழுக்கத் தார்ச்சாலையும் வெள்ளைக் கோடுகளும்தான்.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 'தோர்ரெஸ் பிளாங்காஸ் கட்டடத்திலிருந்து மாட்ரிட்' படமும் 1974-இல் தொடங்கியதுதான், 1982-இல் முடிந்தது. அது கோடை மாலை வெளிச்சம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, இடையில் வீட்டுக்குள் பென்சில் வேலையும் களிமண்ணும். எட்டு வருஷம் ஒரே பலகையை முறைத்துக்கொண்டிருந்தார் என்பது வெளியே கட்டின கதை.

#6 பிளைவுட்

விட்டுவிட்டு வருஷக்கணக்கில் வரைவதில் பொருள் சார்ந்த சிக்கல் நிறைய உண்டு. லோபெஸின் பல வேலைகள் பலகை மேல், அல்லது தாளையோ கேன்வாஸையோ பலகையில் ஒட்டியவை. இடம் போதவில்லை என்றால் ஓரத்தில் ஒரு துண்டு சேர்த்து ஒட்டிப் பெரிதாக்கிக்கொள்வார், இணைப்புக் கோட்டை மறைக்கக்கூட மெனக்கெட மாட்டார். வெறும் கேன்வாஸில் இந்த வசதி கிடையாது.

இதே மாதிரி நீண்ட வேலைக்கு நாம் பலகை தயாரித்தால் கவனிக்க வேண்டியவை:

90 செ.மீ. அளவுக்கு 12 மி.மீ. பிளைவுட், பின்னால் குறுக்குச் சட்டம். முன்பக்கம் மட்டும் ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) அடித்துப் பின்பக்கத்தைப் பச்சையாக விட்டால் ஒரே மழைக்காலத்தில் அப்பளம் மாதிரி வளையும். நான்கு ஓரம், பின்பக்கம் எல்லாம் அடைக்க வேண்டும். ஜெஸ்ஸோ நான்கு கோட், ஒன்று நெடுக்கு, அடுத்தது குறுக்கு, நடுவில் 220 உப்புத்தாள். கண்ணாடி மாதிரி இழைத்துவிடாதீர்கள், வண்ணம் பிடிக்கக் கொஞ்சம் சொரசொரப்பு வேண்டும்.

முதல் வருஷ அடுக்கு மெலிதாக, டர்பன்டைன் மட்டும். ஆளிவிதை எண்ணெய் கலப்பது மேல் அடுக்குகளில்தான். அடியில் எண்ணெய் அதிகம், மேலே குறைவு என்று தலைகீழாகப் போனால் மேல் அடுக்கு முதலில் இறுகும், அடி அப்புறமும் அசையும், வெடிப்பு நிச்சயம். ஒரு வருஷ இடைவெளி இதில் நல்லது, அடுக்கு நன்றாகக் காய்ந்திருக்கும்.

கெடுதலும் உண்டு. பத்து மாதம் காய்ந்த பரப்பு வழுக்கும், புது வண்ணம் ஒட்டாமல் பிற்பாடு செதிலாக உரியும். 400 உப்புத்தாளால் லேசாகத் தடவிப் பளபளப்பை எடுத்துவிட்டுத் தொடங்க வேண்டும். துத்தநாக வெள்ளையை அடி அடுக்கில் போடவே கூடாது. அந்தப் படலம் நாளாக நாளாக நொறுங்கும் தன்மை உடையது, மேலே உள்ளதையும் சேர்த்துக் கொண்டு போகும். டைட்டானியம் வெள்ளை போதும்.

கடைசியாக, பலகையைச் சுவர்ப் பக்கம் திருப்பி இருட்டு அறையில் வைத்தால் எண்ணெய் மஞ்சளிக்கும். அடுத்த கோடையில் எடுத்துப் பார்த்துவிட்டு "போன வருஷம் தப்பாக நிறம் கலந்துவிட்டேன்" என்று அவசரப்பட்டுத் திருத்தாதீர்கள். சில நாள் நல்ல பகல் வெளிச்சத்தில் வைத்தால் பெரும்பகுதி தெளிந்துவிடும். அப்புறம் தீர்மானியுங்கள்.

#7 கரித்துண்டு

இதைத்தான் எதிர்பார்த்தேன் பிளைவுட். அளவெடுக்கும் முறை பற்றி யாராவது?

#8 மரநிழல்

அதற்கு ஆவணமே இருக்கிறது. இயக்குநர் விக்தோர் எரிசே 1992-இல் எடுத்த 'எல் சோல் டெல் மெம்பிரிய்யோ' என்ற திரைப்படம். கான் விழாவில் நடுவர் பரிசு பெற்றது, தயாரிப்பில் மரியா மொரேனோவும் உண்டு. 1990 செப்டம்பர் கடைசியில் லோபெஸ் தன் மாட்ரிட் வீட்டுத் தோட்டத்துச் சீமைமாதுளை மரத்தை வரையத் தொடங்கி, டிசம்பரில் கைவிடுவது வரை.

ஏற்பாடு இது. மரத்துக்கு வெகு அருகில் ஈசல், அதாவது ஓவியத்தைத் தாங்கும் முக்காலிச் சட்டம். நிற்கும் இடம் முடிவானதும் செருப்பு முனைக்கு எதிரே தரையில் ஆணி அடிக்கிறார், தினமும் கால் அதே இடத்தில் பதிய. மரத்துக்கு முன்னால் நூலில் கட்டிய தூக்குக்குண்டு தொங்குகிறது, அது நடுச் செங்குத்து. குறுக்கே ஒரு நூல், அது கிடைமட்டம். கேன்வாஸிலும் அதே இரண்டு கோடுகள். பிறகு பழத்திலும் இலையிலும் சுவரிலும் வெள்ளை வண்ணத்தால் சின்னச் சின்னக் குறிகள். நூலுக்கு நேரே நேற்று இருந்த குறி இன்று எங்கே இருக்கிறது என்று பார்க்க.

குறி தினமும் இறங்கும். பழம் பழுக்கிறது, கனக்கிறது, கிளை தாழ்கிறது. கேன்வாஸில் போட்டதை அவர் மறுபடி கீழே இறக்குகிறார். நண்பர் என்ரிகே கிரான் பக்கத்தில் நின்று ஒரு குச்சியால் தொங்கிய இலையைத் தூக்கிப் பிடிப்பது அந்தப் படத்தில் எனக்குப் பிடித்த இடம். மழைக்குப் பிளாஸ்டிக் கூடாரம் கட்டியும் பார்க்கிறார்கள். சில வாரத்தில் எண்ணெய் ஓவியம் நிலவறைக்குப் போகிறது, பென்சிலும் தாளும் வருகின்றன. வெயில் வேண்டாம் என்று ஆனபின் கோடு மட்டும் போதும். அதுவும் முடியவில்லை, பழம் உதிர்ந்துவிடுகிறது.

#9 தூக்குக்குண்டு

மரநிழல் சொன்னதோடு ஒரு எண் சேர்க்கிறேன். மாட்ரிட் 40.4 பாகை வடக்கு. செப்டம்பர் 29 அன்று நண்பகல் சூரியன் தொடுவானத்திலிருந்து சுமார் 47 பாகை உயரத்தில். டிசம்பர் 10 அன்று சுமார் 27. எழுபது நாளில் இருபது பாகை இறங்கிவிட்டது. மேலிலைகளில் விழுந்த வெயிலை வரையத் தொடங்கினார், அந்த வெயில் சுவரைத் தாண்டி வருவதே அபூர்வமாகிவிட்டது.

கிரான் வியா முடிந்ததற்கும் சீமைமாதுளை முடியாததற்கும் காரணம் இந்த இடத்தில்தான். கட்டடம் கனத்துத் தாழ்வதில்லை. ஜூன் சூரியன் நின்ற இடத்திலேயே நிற்கும், அடுத்த வருஷமும் அங்கேயே வரும். இலையுதிர் காலச் சூரியன் ஓடுகிற ஓட்டத்தில் பொருளும் நகருகிறது. அடுத்த செப்டம்பரில் வெயில் திரும்பும், அதே பழம் திரும்பாது.

#10 நீலச்சாயம்

அப்படியானால் அரச குடும்பம்? அவர்களும் மூப்படைகிறார்களே. அதை எப்படி முடித்தார்?

#11 ஆளிவிதை

போட்டோவை வைத்து. அங்கேதான் அவர் வழக்கத்தை மீறினார், அதனால்தான் இழுத்தது என்பது என் கருத்து.

1994-இல் மன்னர் ஹுவான் கார்லோஸ், அரசி சோஃபியா, மூன்று பிள்ளைகள், ஐவரையும் போட்டோ எடுத்து அதை வைத்து வேலை தொடங்கியது. 3 மீட்டருக்கு 3.39 மீட்டர் கேன்வாஸ். காட்சிக்கு வந்தது 2014 டிசம்பரில், மாட்ரிட் அரண்மனையில். அதே வருஷம் ஜூனில் மன்னர் பதவி துறந்துவிட்டார், படத்தில் இளவரசராக நிற்பவர் மன்னராகிவிட்டார்! உடுப்பும் முகமும் மட்டும் தொண்ணூறுகளிலேயே நிற்கின்றன.

நேரில் ஆளை நிறுத்தினால் ஒரே அறை, ஒரே ஜன்னல், ஒரே வெளிச்சம். தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு ஒருவர் தோளுக்கும் அடுத்தவர் தோளுக்கும் உள்ள தூரத்தை நேரே எடுக்கலாம். போட்டோவில் அந்தத் தூரம் கிடையாது, நீங்களே தீர்மானிக்க வேண்டும். ஒரு ஆளை ஐந்து செ.மீ. நகர்த்தினால் கால் தரையில் பதியும் இடம், நிழல், பின்சுவர் எல்லாம் நகர வேண்டும். வருஷக்கணக்கில் அவர் ஆட்களை நகர்த்திக்கொண்டேயிருந்தார். இளவரசர் மற்ற நால்வரிடமிருந்து சற்று விலகி நிற்பதை வைத்துப் பத்திரிகைகள் அரசியல் எழுதின.

படம் எனக்குச் சுமார்தான். முகங்கள் நன்றாக இருக்கின்றன, காற்று இல்லை.

#12 மரநிழல்

சுமார் என்பது கொஞ்சம் அநியாயம். பின்சுவரில் விழும் அந்த வெளிறிய வெளிச்சத்தை இன்னொருவர் போட்டுவிட முடியாது. ஆனால் ஒரு முக்கியமான விஷயத்துக்கு இது உதவுகிறது: லோபெஸை 'ஹைப்பர்ரியலிஸ்ட்' (போட்டோ போலவே துல்லியமாக வரைகிறவர்) என்று அழைப்பது தவறு. அமெரிக்காவில் ரிச்சர்ட் எஸ்டெஸ், சக் குளோஸ் போன்றவர்கள் போட்டோவையே மூலமாக வைத்தவர்கள், லென்ஸ் பார்த்ததைத் திருப்பித் தருவதுதான் அவர்கள் பந்தயம். லோபெஸ் இரண்டு கண்ணும் திரும்புகிற கழுத்தும் உள்ள ஆள் பார்ப்பதைப் போடுகிறார். 'வாஷ்பேசினும் கண்ணாடியும்' பார்த்தால் புரியும்.

#13 சுண்ணாம்பு

ஆமாம், 1967 படம், இப்போது பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில். அதை எழுதத்தான் உள்ளே வந்தேன்.

மேல் பாதியில் கண்ணாடி, அதன் கீழே கண்ணாடித் தட்டில் சவர பிரஷ், சீப்பு போன்ற சாமான்கள். கீழ்ப் பாதியில் வெள்ளை பீங்கான் பேசின். இரண்டுக்கும் நடுவே ஒரு வெளிறிய பட்டை. மேல் பாதி டைல்ஸ் நேரே பார்க்கிற கோணத்தில் சதுரம் சதுரமாக நிற்கும். பட்டைக்குக் கீழே டைல்ஸ் சட்டென்று சரியும், தலையைக் குனிந்து பேசினுக்குள் பார்க்கிற கோணம். இரண்டு பாதியின் கோடுகளும் ஒன்றோடொன்று சேராது. சேர்க்க முயலவும் இல்லை.

சேராததற்குக் காரணம் எளிது. கண் தரையிலிருந்து 150 செ.மீ., பேசின் விளிம்பு 80 செ.மீ., நிற்கும் தூரம் 60 செ.மீ. என்று கொள்ளுங்கள். பேசினைப் பார்க்க 49 பாகை கீழே பார்க்க வேண்டும். ஒரே பார்வையில் கோணல் தெரியாமல் வரையக் கிடைப்பது நடுக்கோட்டிலிருந்து இந்தப் பக்கம் 30, அந்தப் பக்கம் 30. அதற்கு மேல் போனால் பேசின் ரப்பர் மாதிரி கீழே இழுபடும். மூன்று வழி உண்டு: பின்னால் தள்ளி நிற்கலாம் (சின்னக் குளியலறையில் எங்கே போவது?), இழுபடுவதைப் பொறுத்துக்கொள்ளலாம், இல்லை இரண்டு பார்வையை இரண்டாகவே வைக்கலாம். அவர் மூன்றாவதை எடுத்து, தையலையும் வெளியே காட்டிவிட்டார்.

கண்ணாடிக்கு நேர் எதிரே நின்று வரைந்தவர் கண்ணாடியில் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

#14 கரித்துண்டு

இந்தப் பட்டையை இத்தனை நாள் டைல்ஸ் பார்டர் என்றே நினைத்திருந்தேன். நன்றி சுண்ணாம்பு.

விலை, அருங்காட்சியகம் பக்கம் ஏதாவது?

#15 ஆளிவிதை

சுருக்கமாக. தோர்ரெஸ் பிளாங்காஸ் படம் 2008-இல் லண்டன் கிறிஸ்டீஸ் ஏலத்தில் சுமார் 13.8 லட்சம் பவுண்டுக்குப் போனது. ரெய்னா சோஃபியா அருங்காட்சியகம் தன் நிரந்தரத் தொகுப்பில் உருவ ஓவியங்களுக்கு இடம் தரவில்லை என்று கோபித்து அங்கே தன் கண்காட்சியை முதலில் மறுத்தார், பிறகு 1993-இல் நடந்தது. 2011-இல் திஸ்ஸன் அருங்காட்சியகத்தில் பெரிய தொகுப்புக் கண்காட்சி. அதோச்சா ரயில் நிலையத்தில் இருக்கும் இரண்டு பெரிய வெண்கலக் குழந்தைத் தலைகளும் அவர் வேலைதான், 2008. ஒன்று கண் திறந்தது, ஒன்று மூடியது. மாடலாக இருந்தது அவர் பேத்தி.

மிகப் பெரிய படங்களில் ஒன்று வல்லேகாஸ் தீயணைப்புக் கோபுரத்திலிருந்து பார்த்த மாட்ரிட், 2.5 மீட்டருக்கு 4.06 மீட்டர், 1990 முதல் 2006 வரை.

#16 சாரம்

தாமதமாக வந்ததற்கு மன்னிக்கவும். நடைமுறைக் கேள்வி. இதே முறையில் விடியற்காலைத் தெரு ஒன்றை நம் ஊரில் வரைய என்ன ஒழுங்கு வைத்துக்கொள்வது? தூக்குக்குண்டைத் தெருவில் எங்கே கட்டுவது?

#17 தூக்குக்குண்டு

கட்ட வேண்டாம், கையில் பிடியுங்கள். கொத்தனார் குண்டு, ஒரு மீட்டர் நூல் போதும். எதிரே ஏதாவது ஒரு கட்டட மூலையை நடுச் செங்குத்தாகத் தேர்ந்துகொள்ளுங்கள். கிடைமட்டம் உங்கள் கண் மட்டம்தான். தூரத்தை நோக்கி ஓடும் தெருவின் கோடுகள் எல்லாம் அங்கே போய்ச் சேரும். அதை முதல் நாளே எதிர்ச்சுவரில் ஒரு ஜன்னல் விளிம்போ பலகை விளிம்போ பார்த்துக் குறித்துவிடுங்கள்.

கால் வைக்கும் இடத்தில் பெயின்ட் குறி. தினமும் அதே செருப்பு. சிரிக்காதீர்கள், மூன்று செ.மீ. குதிகால் மாறினால் அருகில் உள்ள நடைமேடை விளிம்பும் தூரத்துக் கட்டடமும் ஒன்றை ஒன்று வெட்டும் இடம் மாறிவிடும். ஈசல் மூன்று காலுக்கும் தனித்தனிக் குறி.

முதல் ஐந்து நாள் நிறமே கிடையாது, பென்சில் அளவு மட்டும். ஒரு அளவை அலகாக எடுங்கள், உதாரணமாக ஒரு மாடி உயரம். முழங்கையை மடக்காமல் கையை நீட்டிக் கவராயத்தால் எடுத்து, மற்றதெல்லாம் அதில் எத்தனை பங்கு என்று பாருங்கள். ஓவியர்கள் தவறுவது பெரும்பாலும் இங்கே: முழங்கை ஒரு நாள் மடங்கும், மறுநாள் நீளும், மூன்றாம் மாடி தானாக வளரும்.

நிறத்துக்கு: வீட்டிலேயே ஐந்தாறு சாம்பல்களைக் கலந்து எடுத்துப் போங்கள், இடத்தில் கலக்க நேரம் இல்லை. வெப்பமண்டலத்தில் விடியல் இன்னும் குறுகியது. ஜூன் மாட்ரிட்டில் உதயத்துக்கு முந்தைய வரையத்தக்க வெளிச்சம் அரை மணி சொச்சம், தமிழ்நாட்டில் 22, 23 நிமிஷம்தான். அதற்குப் பதில் ஒரு லாபம், உதய நேரம் வருஷம் முழுக்க ஒரு மணிக்கும் குறைவாகத்தான் ஆடும்.

கடிகாரத்தில் அலாரம் வையுங்கள். அடித்ததும் பிரஷ்ஷைக் கீழே போடுங்கள். "இன்னும் இரண்டே தீற்றல்" என்று தொடர்ந்தால் இடப்பக்கம் 6 மணிக்கும் வலப்பக்கம் ஏழுக்கும் இருக்கும். எங்கே தப்பு என்று மாதக்கணக்கில் தேடுவீர்கள்.

#18 சாரம்

நன்றி சார். பிளைவுட் அவர்களுக்கு ஒன்று: காய்ந்த இடங்கள் சில மங்கலாகவும் சில பளபளப்பாகவும் இருந்தால் நிற அடர்த்தியை எப்படி ஒப்பிடுவது?

#19 பிளைவுட்

மங்கியது எண்ணெயை அடி அடுக்கு உறிஞ்சியதால். அடர் பழுப்பு, கறுப்பு இடங்களில் அதிகம் தெரியும். ஒரு பங்கு ஆளிவிதை எண்ணெய், ஒரு பங்கு டர்பன்டைன் கலந்து பஞ்சு போகாத பழைய பனியன் துணியால் மங்கிய இடத்தில் மட்டும் தடவி, ஐந்து நிமிஷம் விட்டு, வேறு துணியால் துடைத்துவிடுங்கள். விரல் வைத்தால் ஈரம் ஒட்டக் கூடாது, அந்த அளவுக்கு. பளபளப்பான இடத்தில் தடவினால் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், ஆளிவிதை எண்ணெய்த் துணி தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவையுங்கள், இல்லை தண்ணீர் வாளியில் முக்குங்கள்.